வாயில் நான்கு ஸ்க்ரூ

ப்ரொப்ரைட்டரின் கைபேசி சிணுங்கியபோது அவர் வாயில் நான்கு ஸ்க்ரூ இருந்தன.

கேடயத்தின் மரப்பலகையில் பித்தளைத் தகட்டைப் பொருத்தும்போது ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். ஒன்றை எடுத்து முடுக்குவார், அடுத்ததை எடுத்து முடுக்குவார். நான்கும் தீரும்வரை பேச்சு கிடையாது. மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். எதிராளி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் போதும், அதை முடித்துவைக்கும் பொறுப்பை இவர் எடுத்துக்கொள்வார். அதனால் முக்கியமான சங்கதி எதையாவது அவர் காதில் போட வேண்டுமென்றால், மனைவி அவர் தகடு பொருத்தும் நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். மகள் தானே ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பதும், அவன் நல்ல பையன் என்பதும், கல்யாணத் தேதி குறித்தாயிற்று என்பதும் மூன்று வெவ்வேறு கேடயங்களின்போது அவருக்குத் தெரிவிக்கப்பட்டவை.

குறுஞ்செய்தியைப் படித்தார். ஸ்க்ரூக்கள் பொலபொலவென்று மேசைமேல் உதிர்ந்தன.

உங்கள் கணக்கு ஓவர்டிராஃப்ட் வரம்பைத் தாண்டியுள்ளது, அதற்கான கட்டணம் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளப்பட்டது, நன்றி என்று வங்கி எழுதியிருந்தது. எதற்கு நன்றி என்று எழுதவில்லை.

"என்னங்க?" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. எழுத்துப் பொறிக்கும் இயந்திரம் நின்றிருந்தது. அவர் கையிலிருந்து எது விழுந்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

"ஒண்ணுமில்ல. எவனோ எனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு அனுப்பியிருக்கான்."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

கோப்பை, கேடயம், பதக்கம் செய்து விற்கிற கடை அது. பள்ளிக்கூடங்களும் விளையாட்டுக் குழுக்களும் ஆண்டுவிழா நடத்தும் அலுவலகங்களும்தான் வாடிக்கை. கடை வேலையில் பாதியை மனைவி செய்வாள். மீதிப் பாதியை அவள் செய்வதை இவர் மேற்பார்வை பார்ப்பார். யாரிடம் அறிமுகப்படுத்திக்கொண்டாலும் "நான்தான் ப்ரொப்ரைட்டர்" என்று ஆரம்பிப்பார். தெருவும் அதையே பெயராக வைத்துவிட்டது. பால் போடுகிறவர்கூட "ப்ரொப்ரைட்டர் சார், பாத்திரம்" என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் கடை வாசலில் புதுப் போர்டு ஏறியது. இரவில் எரியும் எழுத்துகள், கீழே 'ப்ரொப்ரைட்டர்' என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனியாக ஒரு விளக்கு. பல வருட ஆசை அவருக்கு. பணம் ஏது என்று கேட்டதற்கு மனைவி, கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போர்டுக்காரன் தன் முகத்துக்காக அடக்க விலையில் முடித்துக் கொடுத்தான் என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டார்.

அவர் முகத்துக்காக நடந்ததாக அவர் நம்பும் காரியங்கள் பல. அவற்றில் தலையாயது அந்த ஓவர்டிராஃப்ட். கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஐந்து லட்சம் வரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏழு வருடத்துக்கு முன்னால் வங்கி கொடுத்த சலுகை. கடைக்கு வருகிற யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் ஒரு பதக்கம்கூட வாங்கிப் போக முடியாது.

"அடமானம் கேட்டாங்களா? கேக்கல. ஜாமீன் கேட்டாங்களா? கேக்கல. அப்ப இருந்த மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். சார், கையெழுத்துப் போடுங்கன்னார். படிச்சுப் பார்க்கக்கூட இல்லை நான். ரெண்டு பெரிய மனுஷங்க நடுவுல படிச்சுப் பார்க்கிறது மரியாதை இல்லை, பாருங்க."

படித்துப் பார்த்தது மனைவி. கூடப் போனவள் மேசையோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். சாட்சிக்காக இரண்டு மூன்று இடத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். அதே வருடம்தான் அவளுடைய பிறந்த வீடு விற்று அவள் பங்கு கைக்கு வந்தது. "உன் வீட்டுப் பணத்தை நான் தொடமாட்டேன். எவ்வளவுன்னுகூட என்கிட்ட சொல்லாதே. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியவே வேணாம்" என்று அவர் வலது கையை உயர்த்தி அறிவித்தார். அவளும் சொல்லவில்லை. அந்த வசனமும் பதக்கம் வாங்க வருகிறவர்களுக்கு இலவசம்.

ஆக, பிடித்த கட்டணம் ஒரு சட்டைத் துணி விலைதான். அவருக்குப் பணம் பிரச்சினை இல்லை. கதை பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, மேசைமேல் கிடந்த கேடயம்.

வங்கிக் கிளை தன் ஆண்டுவிழாவில் வருடா வருடம் 'நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர்' என்று ஒருவருக்குக் கேடயம் கொடுக்கும். செய்து கொடுப்பது இவர் கடை. ஆறு வருடமாக யார் யார் பெயரையோ பொருத்தி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் சாப்பாட்டில் குறை சொல்வார். இந்த வருடம் ஆர்டர் கொடுக்கும்போது மேலாளரம்மா, பெயரைக் கடைசியில் சொல்கிறோம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "யாருன்னு தெரிஞ்சா உங்களுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும் சார். உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

தன்னைவிடத் தனக்கு வேண்டியவர் யார்? ப்ரொப்ரைட்டர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஏற்புரையைத் தயார் செய்தார். இப்போது விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது லிமிட்டைத் தாண்டியவன் என்று ஒரு கரும்புள்ளி.

மனைவிக்குத் தெரிவதற்குள் துடைத்துவிட வேண்டும்.

முதல் காரியமாக, எவ்வளவு தாண்டியிருந்ததோ அவ்வளவையும் சில்லறை சுத்தமாகக் கணக்கில் போட்டார். கட்டணத்தை மட்டும் போடவில்லை. கட்டணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. வங்கியின் கணினிக்குக் கொள்கை எதுவும் கிடையாது. அது கட்டணத்தைக் கணக்கில் கழித்து வைத்திருந்தது. கழித்ததில் கணக்கு மறுபடி லிமிட்டைத் தாண்டியிருந்தது. தாண்டியதற்கு இன்னொரு கட்டணம் போட்டது. நன்றியும் சொன்னது.

மறுநாள் காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வங்கிக்குப் போனார். வாசலுக்கு நேராக இருந்த கூண்டில் கேஷியர் உட்கார்ந்திருந்தார். கேஷியர் நல்ல மனிதர். ஒரே குறை, நிதானம். எந்த வாக்கியத்தையும் "அது வந்து சார்" என்று ஆரம்பித்து, பணக் கட்டின் முனையைத் தடவிச் சரிசெய்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். அவர் விஷயத்துக்கு வந்து சேரும்போது ப்ரொப்ரைட்டர் பெரும்பாலும் கிளம்பிப் போயிருப்பார்.

"அது வந்து சார், உங்க லிமிட் இப்ப..."

"என் லிமிட்டைப் பத்தி என்கிட்டயேவா? அஞ்சு லட்சம். அதோட விளிம்பு வரைக்கும் போவேன், தாண்டமாட்டேன். ஏழு வருஷமா அப்படித்தான். உங்க மெஷின்ல ஏதோ கோளாறு."

"இல்ல சார், அது வந்து, அந்த அஞ்சு லட்சம்..."

"கோளாறுன்னு சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன். நான் பெரிய மனசுக்காரன்."

கேஷியர் ஒரு நோட்டுக் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்தார். அதற்குள் ப்ரொப்ரைட்டர் மேலாளர் அறைக்கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு போகவில்லை அவர். முன்தின மாலை மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தபோது, அவளுடைய இயந்திரத்தில் தானே உட்கார்ந்து ஒரு தகடு செய்திருந்தார். 'மனிதநேய மேலாளர்' என்று வர வேண்டியது. எழுத்துகள் இடப்பக்கம் யானை அளவில் ஆரம்பித்து வலப்பக்கம் எறும்பு அளவில் முடிந்தன. இருந்தாலும் மரம் நல்ல மரம். அதைப் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப்போய் மேலாளரம்மாவின் மேசைமேல் வைத்து, துணியை விலக்கினார்.

"இது என்ன சார்?"

"ஒரு சின்ன அன்பு. அப்புறம் மேடம், அந்த ரெண்டு கட்டணத்தையும் கொஞ்சம் எடுத்துவிட்டீங்கன்னா..."

அறையின் மூலையில் ஒருவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கேடயத்தைப் பார்த்து, மேலாளரம்மாவைப் பார்த்து, ஒரு பேனாவை எடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த தணிக்கை அதிகாரி. மேலாளரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு, வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டது.

வாடிக்கையாளரிடம் பரிசு வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பரிசோடு ஒரு சலுகை கேட்கப்பட்டால் அந்தச் சலுகையைக் கொடுக்கவே கூடாது என்றும் இருக்கிறது. மேலாளரம்மா இதையெல்லாம் மூலையைப் பார்த்தே சொன்னார். கட்டணத்தை ரத்து செய்யும் அதிகாரம் சாதாரணமாகத் தனக்கு உண்டு என்றும், இன்று காலை பத்து நிமிடத்துக்கு முன்வரைக்கும் அதைச் செய்யலாம் என்றுதான் இருந்தேன் என்றும் சொன்னார்.

"கேடயத்தை எடுத்துட்டுப் போயிடுங்க சார், தயவு செஞ்சு. துணியையும்."

வெளியே வந்தபோது கேஷியர் கூண்டுக்குள்ளிருந்து கையைத் தூக்கி, "சார், அது வந்து..." என்றார். கேட்கிற நிலையில் ப்ரொப்ரைட்டர் இல்லை.

இனிமேல் கௌரவம் பார்த்துப் பயனில்லை, கட்டணத்தையும் சேர்த்துக் கட்டி மூச்சுவிடலாம் என்று முடிவு செய்தார். ஆனால் கையில் காசு இல்லை. கல்லாப்பெட்டிச் சாவி மனைவியிடம். மேற்பார்வைக்குச் சாவி எதற்கு என்று அவர்தான் ஒருநாள் பெருந்தன்மையாகக் கொடுத்திருந்தார். மிச்சம் இருந்தது வராத பாக்கி. கால்பந்து கிளப்பின் செயலாளர் போன சீசனில் எடுத்துப் போன கோப்பைகளுக்கு இன்னும் பணம் தரவில்லை. அந்த கிளப் எந்த ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. ஆனாலும் அவர்கள் அலமாரியில் கோப்பை வைக்க இடமில்லை. தோற்றாலும் பையன்களின் மனசு உடையக்கூடாது என்று செயலாளர் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடுவார். மனசு உடையாதது பையன்களுக்கு. உடைந்தது இவருக்கு.

செயலாளர் காபி வரவழைத்துக் கொடுத்தார். பணம் என்ற பேச்சு வந்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"அண்ணே, உங்க முகத்தைப் பார்த்துட்டு நான் இல்லன்னு சொல்வேனா? இந்தாங்க, செக்."

முகம் என்ற சொல் காதில் விழுந்ததும் ப்ரொப்ரைட்டர் கரைந்துவிட்டார். தேதி, தொகை எதையும் பார்க்காமல் காசோலையை நேராக வங்கிப் பெட்டியில் போட்டார். அது இரண்டாம் நாள் திரும்பி வந்தது. கிளப்பின் கணக்கும் கிளப்பைப் போலவே எப்போதும் தோல்வியில் இருந்தது. காசோலை திரும்பியதற்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்தால் லிமிட் தாண்டியதற்கு இன்னொரு கட்டணம். இரண்டுக்கும் தனித்தனியாக நன்றி.

அன்று மதியம் அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள், உப்பு போடாமல் விட்டதே அவர் சொல்கிறாரா என்று பார்க்கத்தான்.

"உடம்பு சரியில்லையாங்க?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"லாட்டரிக்காரன் மறுபடி ஏதாவது அனுப்பினானா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவளிடம் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. ஏழு வருடமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தன் முகத்தின் மதிப்பு ஐந்து லட்சம் என்று சொல்லும்போது, உள்ளறையில் இயந்திரத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு அவளும் கேட்பாள் என்பது அவருக்குத் தெரியும். ஊரார் நம்பினார்களோ இல்லையோ, அவள் கேட்கிறாள் என்பதற்காகத்தான் அவர் ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொன்னார். சொல்ல வாயைத் திறந்தார்.

"மோர் புளிக்குது" என்றார்.

மறுநாள் அவள் ரிப்பன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். பதக்கத்துக்குக் கட்டும் ரிப்பன் வாங்க அரைமணி போதும். அவள் மூன்று மணி நேரம் கழித்து வந்தாள். ரிப்பன் வாங்கவில்லை, நல்ல நிறம் இல்லையாம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் கணக்கை வேறு கிளைக்கு மாற்றிக்கொள்வதா, அல்லது மகள் வீட்டுக்குப் போய் விழா முடியும்வரை இருந்துவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கால்பந்து செயலாளர் தெருவில் வந்தார். கடையைப் பார்த்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறி, தலையைக் குனிந்துகொண்டு, கிட்டத்தட்ட ஓடினார். தன் கோபத்துக்குப் பயந்துவிட்டான் என்று ப்ரொப்ரைட்டருக்கு ஓர் ஆறுதல்.

அன்று மாலையே கைபேசி சிணுங்கியது. திறந்தார். கட்டணங்கள் சரிசெய்யப்பட்டன, உங்கள் வரம்பு பழையபடி ஐந்து லட்சம், நன்றி.

மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து, வாசலுக்குப் போய், தெருவின் இரு பக்கமும் பார்த்து, எரியும் போர்டின் கீழே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கேடயம், ஒரு நேருக்கு நேர் பேச்சு, அதற்கப்புறம் ஒரு கண்ணியமான மௌனம். தணிக்கை அதிகாரியே தலையிட்டிருப்பார். முகம் என்றால் சும்மாவா?

இரவுச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று குறை சொன்னார். மனைவி நிம்மதியாகத் தூங்கினாள்.

விழாவுக்கு முந்தைய நாள். வங்கியிலிருந்து பெயர் இன்னும் வந்தபாடில்லை.

"அவங்க சொல்லட்டும்ங்க, அப்புறம் பொறிக்கலாம்" என்றாள் மனைவி.

"கடைசி நிமிஷத்துல அவசரப்பட்டா எழுத்து கோணலாயிடும்."

"யாரு பேருன்னு..."

"என்கிட்டயேவா கேக்கறே?"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட ஆர்டர் ஒன்று இருக்கிறது, கை ஒழியாது என்று சொல்லிவிட்டாள். அதனால் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவரே பொறித்தார். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகச் சிறிய எழுத்தில் ஆரம்பித்ததில், பெயர் எறும்பாகத் தொடங்கி யானையாக முடிந்தது. வளர்ச்சி தெரிகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

மதியம் உள்ளறையில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ப்ரொப்ரைட்டர் கேடயத்தை மடியில் வைத்து, தன் பெயர்த் தகட்டை நடுவில் வைத்து, நான்கு ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொண்டார். முதல் ஸ்க்ரூவை எடுக்கக் கையைத் தூக்கியபோது கடைக்குள் நிழல் விழுந்தது. உணவு இடைவேளையில் பெயரைச் சொல்லிவிட்டு, கேடயத்தைக் கையோடு வாங்கிப்போக கேஷியரே வந்திருந்தார்.

ப்ரொப்ரைட்டர் உட்காரும்படி கண்ணால் காட்டினார்.

கேஷியர் உட்கார்ந்தார். மடியிலிருந்த கேடயத்தைப் பார்த்தார். தகட்டில் இருந்த பெயரை எறும்பிலிருந்து யானைவரை படித்தார். அவர் முகத்தில் சங்கடம் படர்ந்தது. பிறகு ப்ரொப்ரைட்டரின் வாயைப் பார்த்தார். நான்கு ஸ்க்ரூ. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் பாதை காலியாக இருந்தது. கையில் நோட்டுக் கட்டு இல்லாததால் மேசைமேல் இருந்த ஒரு பதக்கத்தை எடுத்து அதன் முனையைத் தடவினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்து சார், இந்தத் தகட்டைக் கழட்ட வேண்டியிருக்கும். விருது உங்க வீட்டம்மாவுக்கு. உங்க லிமிட் ஏழு வருஷமா நிக்கிறதே அவங்க டெபாசிட் மேலதானே. போன மாசம் கடை போர்டுக்காக அதுல கொஞ்சம் எடுத்தாங்க, லிமிட்டும் கூடவே இறங்கிடுச்சு. இதைச் சொல்லத்தான் சார் அன்னைக்கு உங்களை அவ்வளவு கூப்பிட்டேன். முந்தாநாள் அந்த கால்பந்து கிளப்காரரைக் கையோட கூட்டிட்டு வந்து, கவுன்டர்லயே பாக்கிப் பணத்தை எண்ண வெச்சு, டெபாசிட்ல எடுத்ததையும் கட்டணத்தையும் கட்டிட்டாங்க. கட்டிட்டுப் போகும்போது எங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டாங்க சார்: 'பேங்க் அவர் முகத்தைப் பார்த்துதான் கொடுத்துச்சுன்னு யாராவது கேட்டா, ஆமான்னு சொல்லிடுங்க. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.'"